பழைய போர்க் கல்லறை, நினைவுக்கல் பராமரிப்பு: எந்தக் கணக்கில் பணம் எடுப்பது?

வேலந்தாவளம்_எல்லை:
வணக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தமிழ் பேசும் வார்டு ஒன்றைப் பற்றிய கேள்வி. ஊரில் மூன்று பொருள் இருக்கின்றன. ஒன்று, பழைய பள்ளிக்கூடச் சுவரில் பதித்த சலவைக்கல் பலகை. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று 1914–1919 ஆண்டுகளோடு எழுதியது. வருஷா வருஷம் வெள்ளையடித்து எழுத்தெல்லாம் தூர்ந்துவிட்டது. இரண்டாவது, வண்டிப்பாதை ஓரத்தில் நான்கு செங்கல் கல்லறைகள். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தாருடையவை என்று சொல்வார்கள், கல்வெட்டு எதுவும் மிச்சமில்லை. அரசமரக் கன்று ஒன்று நடுக் கல்லறையைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மூன்றாவது, பேருந்து நிறுத்தத்தில் முன்னாள் படைவீரர்கள் எழுப்பிய ஸ்தூபி.

பஞ்சாயத்தில் பணம் ஒதுக்க மனசு இருக்கிறது. ஆனால் பொறியாளர் "சிமென்ட் பூச்சு, டைல்ஸ், கைப்பிடிக் கம்பி" என்று ஒரே மதிப்பீடாகப் போட்டு மார்ச் 31-க்குள் முடிக்கலாம் என்கிறார். மூன்றையும் ஒரே வேலையாகப் போடுவது சரியா? எது யார் பொறுப்பு?

செங்கோட்டை_ஆவணம்:
ஒரே வேலையாகப் போடவே கூடாது. மூன்றுக்கும் சொந்தக்காரர் வேறு, பொருந்தும் சட்டமும் வேறு. பணத்தைத் தேடுவதற்கு முன்னால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து பாதிக் கல்லறைகள் கெடுவதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல. யாருடையது என்று யாரும் எழுதி வைக்காததுதான்.

முதலில் கல்லறைகள். "போர்க் கல்லறை" என்றதும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு மனுப் போடச் சொல்வார்கள். அந்த ஆணையம் 1917-இல் அமைந்தது. அதன் பொறுப்பு இரண்டு கால அளவுக்குள் அடங்கியது: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இதற்கு வெளியே ஒரு நாள் தள்ளி இறந்திருந்தாலும் அவர்கள் கணக்கில் வராது. கம்பெனிப் பட்டாளம் என்றால் 18, 19-ஆம் நூற்றாண்டு. அங்கே எழுதிப் பயனில்லை.

அந்தக் கால அளவுக்குள் வருபவர்களுக்கும் நம் பக்கத்தில் தனிக் கல்லறை அதிகம் மிச்சமில்லை. நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று கருதிய தென்னிந்தியச் சிவில், கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டங்களிலிருந்து இரண்டாம் போர்க் கல்லறைகளைச் சேர்ப்பதற்காகவே 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தை உண்டாக்கினார்கள். இரண்டாம் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் போரில் இறந்து பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை அங்கேயே ஒரு நினைவுச் சுவரில் பொறித்தார்கள். ஆகவே உங்கள் பலகையில் உள்ளவர்கள் விஷயத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான். பெயர் கிடைத்தால் ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். முருகன் என்ற பெயரே பல வடிவத்தில் கிடக்கும். படைப்பிரிவின் பெயரோடு சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

நிலத்துக்கு வருவோம். சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானம், பாலக்காடு பக்கம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். உங்கள் சர்வே எண் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பழைய ஆவணம் எர்ணாகுளம் வட்டார ஆவணக் காப்பகத்திலோ கோழிக்கோட்டிலோ சென்னை எழும்பூரிலோ இருக்கும். வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். "புறம்போக்கு" என்று மட்டும் இருந்தால் போதாது. சுடுகாட்டுப் புறம்போக்கா, வண்டிப்பாதைப் புறம்போக்கா என்ற வகை முக்கியம். மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. வாங்க மறுத்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

புலியூர்க்குறிச்சி_கொத்து:
பொறியாளர் போட்ட மதிப்பீட்டை உடனே நிறுத்துங்கள். சிமென்ட் பூசினால் அந்தக் கல்லறைகள் சில மழைக்காலம்கூடத் தாங்காது.

பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே மூச்சு விடும். சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே நிற்கும், அதிலுள்ள உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகும், செங்கல் மாவாகக் கொட்டும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், விரலால் தட்டினால் டொக்கு டொக்கென்று பொத்தல் சத்தம் கேட்கும். அப்போது சிமென்டை உரித்தால் அரை அங்குலச் செங்கல்லும் சேர்ந்தே வரும்.

செய்முறை இது. நல்ல சுட்ட சுண்ணாம்பாக வாங்குங்கள். தண்ணீர் விட்ட சில நிமிடத்தில் கொதித்துப் பொங்கவேண்டும், பொங்காவிட்டால் காற்றுப்பட்டுச் செத்த சரக்கு. நீற்றும்போது கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வை போகும். நீற்றிய விழுதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் புளிக்க விடுங்கள். மூன்று மாதம் கிடந்தால் இன்னும் நல்லது. பூச்சுக்கு ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு கழுவிய மணல். கடல் மணல் கூடவே கூடாது. நிலத்தை ஒட்டிய முதல் ஒன்றரை அடிக்கு மட்டும் ஒரு பங்கு விழுது, ஒரு பங்கு சுர்க்கி (செங்கல் தூள்), இரண்டு பங்கு மணல். நம் பக்கம் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்பு சுத்தமான சரக்கு, காற்றில்தான் இறுகும், ஈரத்தில் இறுகாது. அதனால்தான் அடியில் சுர்க்கி வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்கலாம், அளவு மிஞ்சினால் பூசணம் பிடிக்கும்.

அளவு: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லறைக்கு மேலும் நான்கு பக்கமும் சேர்த்து 6.8 சதுர மீட்டர் வரும். 15 மில்லிமீட்டர் கனத்துக்கு முழுதாகப் பூசினால் 4 கன அடி மணல், 38 லிட்டர் விழுது. ஆனால் முழுதாகப் பூசாதீர்கள். பிடித்து நிற்கும் பழைய பூச்சு எதுவானாலும் அப்படியே இருக்கட்டும். விழுந்த இடத்தை மட்டும் அடையுங்கள். மொத்தப் பொருள் பாதியாகிவிடும்.

அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல் வரிசையே கூட வந்துவிடும். அடியோடு ஒட்ட அறுத்துவிட்டு, தளிர்க்கும்போதெல்லாம் கிள்ளுங்கள். இலையே இல்லாமல் போனால் வேர் தானாகப் பட்டுப்போகும். கடையில் களைக்கொல்லி கேட்காதீர்கள், கிளைபோசேட்டுக்குக் கேரளத்தில் 2019 முதல் தடை. வேர் பருத்துவிட்டதென்றால் மேலே நான்கைந்து வரிசையை எண் போட்டுக் கழற்றி, வேரை எடுத்துவிட்டு, அதே செங்கல்லை அதே இடத்தில் சுண்ணாம்புச் சாந்தில் வையுங்கள்.

அடுத்தது சலவைக்கல். யாராவது கழிப்பறை ஆசிட்டோடு வருவார்கள், தடுத்துவிடுங்கள். சலவைக்கல்லும் வெள்ளையடித்த சுண்ணாம்பும் வேதியியலில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். ஒன்றைக் கரைக்கும் ஆசிட் இன்னொன்றையும் கரைக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கிப்போனால் திரும்ப வராது. சுத்தத் தண்ணீரில் ஊறவைத்த காகிதக் கூழை எழுத்தின் மேல் விரல் கனத்துக்கு அப்பி, பாலித்தீனால் மூடி நான்கைந்து மணி நேரம் விடுங்கள். வெள்ளை இளகும். மூங்கில் குச்சியைச் சீவி, எழுத்தின் பள்ளத்துக்குள்ளேயே மெதுவாக நெம்புங்கள். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், பிளீச்சிங் பவுடர் மூன்றும் வேண்டாம். பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது ஈயம், அழுக்கு இல்லை. எழுத்தை ஈயம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். நகத்தால்கூடக் கீறாதீர்கள்.

பலகையின் மூலையில் பழுப்புக் கறையும் விரிசலும் இருந்தால் உள்ளே இரும்புக் கொக்கி துருப்பிடித்து வீங்குகிறது என்று அர்த்தம். கழற்றித் துருப்பிடிக்காத எஃகு ஊசியோ பித்தளை ஊசியோ மாற்றவேண்டும். அதைப் பழகிய கையே செய்யட்டும்.

நகரி_தமிழ்:
வேலை விவரம் அருமை ஐயா. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று. நம்மை அடிமைப்படுத்திய கம்பெனியின் பட்டாளத்தானுக்குப் பஞ்சாயத்து வரிப்பணம் ஏன்? எங்கள் ஆந்திரச் சித்தூர் மாவட்டப் பக்கம் நடுகற்கள் வயலில் சாய்ந்து கிடக்கின்றன, துணி துவைக்கும் கல்லாகப் போட்டிருக்கிறார்கள். மாடு மீட்கச் செத்தவனுக்கு ஒரு கூரை கிடையாது. சோளிங்கரில் 1781-இல் நடந்த சண்டையில் ஐதர் அலி பக்கம் நின்று செத்த நம் ஆட்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் அவர்களுக்குச் செய்யவேண்டும். பணம் மிஞ்சினால் மற்றதைப் பார்க்கலாம்.

செங்கோட்டை_ஆவணம்:
நியாயமான கேள்வி, அதனால் முழுதாகப் பதில் சொல்கிறேன். கம்பெனிப் பட்டாளம் என்றால் வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். கல்வெட்டு இல்லாத கல்லறைக்குள் யார் என்று முடிவுகட்ட நம்மால் முடியாது.

எதிரியாக வந்தவனுக்கும் கல்லறை காத்த மரபு எல்லைப் பக்கத்திலேயே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. அந்தப் படையைச் சேர்ந்த டிலனாய் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாகி (பெரிய தளபதி), 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். மனைவி, மகன் கல்லறைகளும் பக்கத்திலேயே. கூரை போன தேவாலயத்துக்குள் கிடப்பதால் மழை நேரே எழுத்தின் மேல் விழுகிறது. அங்கே செலவழிக்கும் காசு நம் தமிழ்க் கல்வெட்டைக் காக்கவும்தான்.

வெளிநாட்டில் கிடக்கும் நம் ஆட்களையும் நினைத்துப் பாருங்கள். காமன்வெல்த் ஆணையத்தின் செலவை ஆறு நாடுகள் பங்கிடுகின்றன: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா. பிரிட்டன் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு, இந்தியா நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. அந்தப் பணத்தில்தான் பிரான்சிலும் மியான்மரிலும் நம் சிப்பாய்களின் பெயர்கள் துடைத்து வைக்கப்படுகின்றன. அதிலும் குறை இருந்தது. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும் பொறித்தார்கள். ஆணையமே 2021-இல் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இரண்டாம் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதையில் இன்னும் மோசம். கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை. மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சிவிலியன்கள் என்பதால் ஆணையத்தின் கணக்கிலேயே வரவில்லை. அங்கே ஒரு விகாரையில் அவர்களுக்கு நடுகல் எழும்பியதே இப்போதுதான்.

உங்கள் ஊர்ப் பலகை அந்த வகையில் அரிது. அதில் பெயரில்லை, எண்ணிக்கை மட்டுந்தான் என்றாலும், எந்த ஊரிலிருந்து என்பதைச் சொல்கிறது. ஆணையத்தின் பட்டியலில் ஊர்ப்பெயர் இல்லாத சிப்பாய்கள் எத்தனையோ பேர். மூன்று வேலையில் எது முதலில் என்று என்னைக் கேட்டால் பலகைதான்.

பாலக்காடு_தணிக்கை:
பணத்துக்கு வருகிறேன். கேரளப் பஞ்சாயத்துக்கு அரசிடமிருந்து மூன்று வாய்க்கால்: வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொதுநோக்க நிதி. பராமரிப்பு நிதியில் சாலை, சாலையல்லாதது என்று இரண்டு பிரிவு. உங்கள் பள்ளிக்கூடம் பஞ்சாயத்துக்கு மாற்றப்பட்டதென்றால் பலகை இருக்கும் சுவர் சாலையல்லாத சொத்து. ஆனால் சொத்துப் பதிவேட்டில் ஏறாத எதற்கும் பராமரிப்பு நிதி கிடையாது. பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பள்ளிக் கட்டடம் பதிவேட்டில் இருக்கும், பலகை இருக்காது. நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் பலகையும் இடிபாட்டோடு ஏலத்தில் போகும். எனவே கட்டடப் பதிவிலேயே "மேற்குச் சுவரில் சலவைக்கல் நினைவுப் பலகை, இத்தனை அளவு" என்று தனி வரி சேர்க்கச் சொல்லி பஞ்சாயத்துக் கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை, ஆனால் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

கல்லறைகள் புறம்போக்கு என்றால் முதலில் அந்த நிலம் பஞ்சாயத்தின் வசம் என்பதை உறுதிசெய்து பதிவேட்டில் ஏற்றவேண்டும். அதுவரை வளர்ச்சி நிதியில் புதுத் திட்டமாகப் போடலாம். பணிக்குழு, கிராமசபை, கமிட்டி, மாவட்டத் திட்டக் குழு என்று நான்கு படி ஏறவேண்டும். கிராமசபை நடவடிக்கைக் குறிப்பில் திட்டத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். குறிப்பில் "கல்லறை சீரமைப்பு", திட்டத்தில் "சுற்றுச்சுவர்" என்றிருந்தால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். 2021–26 காலத்துப் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குக் கட்டுண்டிருந்தது, மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு. அந்த நாற்பதிலும் சம்பளம் கொடுக்கக்கூடாது என்றிருந்தது, அதனால் காவலாளிக்கு ஆகவில்லை.

பொறியாளர் ஏன் சிமென்ட் போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் கையிலுள்ள விலை அட்டவணையில் சிமென்ட் பூச்சுக்கு எண்ணும் விலையும் தயாராக இருக்கும். புளித்த சுண்ணாம்பு விழுதுக்குத் தனி விலைப் பகுப்பாய்வு எழுதி மேலதிகாரி ஒப்புதல் வாங்கவேண்டும். நேரமில்லாதபோது யாரும் அட்டவணையில் இருப்பதையே போடுவார்கள். எனவே கொத்தர் ஐயா கொடுத்த விகிதத்தையும் அளவையும் ஆள்வேலை எண்ணிக்கையோடு நீங்களே எழுதிக்கொடுங்கள். சுண்ணாம்பு புளிக்க ஒரு மாதம், பூச்சு காய ஒரு மாதம் என்றால் மார்ச்சுக்குள் முடியவே முடியாது. இந்த வருஷம் ஆவணமும் பலகையும், அடுத்த வருஷம் கல்லறை என்று இரண்டு வருஷத் திட்டமாகப் போடச் சொல்லுங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியை நம்பாதீர்கள். நிலைத்த சொத்து உருவாக்குவதற்கான நிதி அது. சுவர் கிடைக்கும், புல் வெட்டக் கிடைக்காது. கொடிநாள் நிதியும் இதற்கில்லை. அது போரில் ஊனமுற்றோர், விதவையர், முன்னாள் படைவீரர் நலனுக்கானது. அதில் கைவைத்து ஸ்தூபிக்குப் பெயின்ட் அடிக்கக் கேட்பதே தவறு.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிடம் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்கள், இடங்களைச் சீரமைப்பது இருக்கிறது. வாங்கும் அமைப்பு பதிவு பெற்றதாக இருக்கவேண்டும். தெற்காசியக் கல்லறைகளுக்காகப் பிரிட்டனில் 1970-களிலிருந்து இயங்கும் சங்கம் சிறு மானியம் தருவதுண்டு. ஆனால் ஊர்க் கமிட்டி வெளிநாட்டுப் பணம் நேரடியாக வாங்கக்கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ வேண்டும், கணக்கும் டில்லியில் குறிப்பிட்ட அரசு வங்கிக் கிளையில்தான். நல்லெண்ணத்தில் வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் தேவைப்படுவது சிறு தொகை, ஆனால் வருஷா வருஷம். நான்கு கல்லறைக்கு வருஷத்துக்கு நான்கு முறை புல் வெட்ட, முறைக்கு இரண்டு ஆள் இரண்டு நாள் என்றால் 16 ஆள்வேலை. மழைக்குப் பின் விரிசல் அடைக்க 4 ஆள்வேலை. மொத்தம் 20. இதைச் சொந்த வருமானத்தில் வருடாந்தர வரவுசெலவுத் தலைப்பாக ஏற்றிவிட்டால் எந்த மந்திரியையும் பார்க்கவேண்டியதில்லை. ஒரு தடவை பத்து லட்சம் கொட்டி டைல்ஸ் ஒட்டுவதைவிட இருபது ஆள்வேலை மேல்.

குப்பம்_வேடியப்பன்:
நகரி நண்பர் சொன்ன நடுகல் விஷயம். அது இந்த இழைக்கு வெளியே இல்லை, நம் பக்கத்தின் பழைய போர் நினைவுக்கல்லே அதுதான். குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை பல ஊரில் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கும்பிடும் கல் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது, கும்பிடாத கல்தான் வாய்க்கால் பாலமாகிறது.

பணம் கேட்பவர்கள் முதலில் செய்யும் தவறு, கல்லைப் பெயர்த்து ஊருக்குள் கொண்டுவந்து மேடை கட்டுவது. செய்யாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும். இடம் மாறினால் கல்வெட்டில் சொன்ன ஊரும் ஏரியும் எது என்று பிறகு யாராலும் பொருத்த முடியாது. அப்படியே விட்டு, நான்கு பக்கமும் நிலத்தோடு புகைப்படம், திசை, உயரம், அகலம், கனம் எழுதி மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஆந்திரத்தில் 1960 சட்டம், தமிழ்நாட்டில் 1966, கேரளத்தில் 1968. மனுவில் அந்தந்த மாநிலச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். எல்லை ஓரத்தில் தெலுங்குக் கல்வெட்டுத் தமிழ்நாட்டிலும் தமிழ்க் கல்வெட்டு ஆந்திரத்திலும் கிடக்கும். "எங்கள் மொழி இல்லை" என்று இரண்டு பக்கமும் கைவிடுவது உண்டு. படி எடுத்து இரண்டு மொழியிலும் சுருக்கம் சேர்த்தால் கோப்பு நகரும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பதற்கு முன் ஊரோடு பேசிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், வீடு கட்ட முடியாத கோபத்தில் ஒரு ராத்திரியில் கல்லே காணாமல் போகும்.

ஆயில் பெயின்ட், எனாமல் எதுவும் வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் பூசுவது வழிபாடு, அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. எழுத்துப் பக்கத்தை விட்டுச் சிற்பத்துக்கு மட்டும் பூசச் சொல்லிப் பூசாரியிடம் கேட்டுக்கொள்ளலாம், கேட்பார்கள்.

நகரி_தமிழ்:
ஒப்புக்கொள்கிறேன். வரிசை போட்டு ஒன்றை நிறுத்தி ஒன்றைச் செய்வதைவிட, இருபது ஆள்வேலை என்ற கணக்கில் எல்லாவற்றையும் ஏற்றலாம். ஆனால் தலைப்பு "வெள்ளையர் கல்லறை" என்று இல்லாமல் "போர் நினைவிடங்கள்" என்று இருக்கட்டும், நடுகல்லும் அதே தலைப்பில் வரட்டும். இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

வேலந்தாவளம்_எல்லை:
எல்லோருக்கும் நன்றி. தலைப்பை நகரி நண்பர் சொன்னபடியே கேட்கிறோம். ஸ்தூபி பற்றி யாரும் சொல்லவில்லை. சாலை அகலப்படுத்தும் பேச்சு இருக்கிறது. உச்சியில் நான்முகச் சிங்கம் வைத்திருக்கிறார்கள், சுற்றிக் கிரானைட் ஒட்டப் பணம் கேட்கிறார்கள்.

பாலக்காடு_தணிக்கை:
கிரானைட்டுக்குப் பணம் போடாதீர்கள், முதலில் இடத்தை மாற்றுங்கள். 2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம் பொதுச்சாலை, நடைபாதையில் சிலையோ கட்டுமானமோ எழுப்ப மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. சாலை எல்லைக்குள் இருக்கும் ஸ்தூபிக்குப் பஞ்சாயத்து செலவழித்தால் அந்தச் செலவே ஆட்சேபத்துக்கு உள்ளாகும். இடிக்கும்போது இழப்பீடும் வராது. நெடுஞ்சாலைக்காரர்கள் அளவுக்கல் போடும் முன்பே, படைவீரர் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசி, பள்ளி வளாகத்திலோ பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலோ இடம் தீர்மானமாக வாங்குங்கள். மாற்றும் நாளை மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதி, மரியாதையோடு செய்யுங்கள். குடும்பத்தார் இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

நான்முகச் சிங்கம் அரசு இலச்சினை. 2005 சட்டப்படி தனியார் அமைப்பு அதை வைக்கக்கூடாது. கவிழ்த்த துப்பாக்கியும் தலைக்கவசமும் போதும். பெயர்களைக் கிரானைட்டில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். லேசர் கீறலும் ஒட்டுப்பலகையும் சில வெயில் காலத்தில் வெளிறிவிடும்.

புலியூர்க்குறிச்சி_கொத்து:
காலம் பற்றி ஒன்று. உங்கள் ஊரில் கார்த்திகை முதல் தை வரை கணவாய்க் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும். அப்போது சுண்ணாம்புப் பூச்சு போட்டால் ஒரே நாளில் காய்ந்து வலை வலையாக வெடிக்கும். ஜூன் முதல் மழை, ஈரத்தில் இறுகாது. பெருமழை விட்ட புரட்டாசி, அல்லது காற்று அடங்கிய மாசிக் கடைசிதான் உங்களுக்குத் தோது. எப்போது போட்டாலும் முதல் பத்து நாள் நனைத்த சாக்கு போர்த்தியே வைக்கவேண்டும். அதற்கு ஒரு ஆளைத் தனியாகக் கணக்கில் காட்டுங்கள். அந்த ஆளை மிச்சம் பிடித்துத்தான் பல வேலை பாழாகிறது.

வேலந்தாவளம்_எல்லை:
பலகையின் ஒரு மூலையில் இன்று காகிதக் கூழ் வைத்துப் பார்த்தோம், நாலு மணி நேரத்தில் இளகியது. எண்ணிக்கை தமிழ் எண்ணில் இருக்கிறது. போனவர்கள் ௰ என்று தொடங்குகிறது, அடுத்தது ௫ போலவும் இருக்கிறது, ௬ போலவும் இருக்கிறது. சுழிக்குள் இன்னும் வெள்ளை அடைத்திருக்கிறது.

செங்கோட்டை_ஆவணம்:
பதினைந்தா பதினாறா என்பதைக் குச்சியால் தோண்டித் தீர்மானிக்காதீர்கள். தெரிந்த எழுத்தைத் தேடிக் கையே செதுக்கிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டி இடப்பக்கமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். கேமராவை அசைக்கக்கூடாது, வெளிச்சம் மட்டும் மாறவேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளத்தின் நிழல் விழும், சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். சாக்பீஸ் தடவ வேண்டாம். மூன்று படத்தையும் இங்கே போடுங்கள். அந்த எண் தெரிந்தால் ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.